இரண்டாம் முப்பட்டகம்



பௌதிக சாஸ்திரத்தைப் பற்றித் தமிழில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவேனும் நடைபெற வேண்டும் என்ற ஆர்வத்தினால் இவ்வறக்கட்டளையை நிறுவிய பெரியவர், பேச வருபவர் எடுத்துக்கொள்ளும் பொருள் சாமானிய மக்களும் தம் கண்ணால் கண்டறிந்த ஒன்றாக இருத்தல் வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் விதித்துச் சென்றிருக்கிறார். அந்த நிபந்தனைக்கு இணங்கவே, கண்ணாடி முப்பட்டகத்தின் வழியே செல்லும் வெண்ணொளி பல வர்ணங்களாகப் பிரியும் விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டேன். இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தியாயிற்றே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால், அச்செய்தியில் பாதியைத்தான் நம் பள்ளிகள் சொல்லிக்கொடுக்கின்றன என்பதும், சொல்லாமல் விட்ட மறுபாதியிலேதான் அதன் உயிர்நிலை இருக்கிறது என்பதும், நெடுங்காலம் இதனைப் பயிற்றியவன் என்ற முறையில் என் உறுதியான அபிப்பிராயம்.

முப்பட்டகத்தில் வர்ணங்கள் தோன்றுவதை முதன்முதலில் கண்டவர் நியூட்டன் அல்லர். அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது பலரும் அறிந்த வேடிக்கையாக இருந்தது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரசீக தேசத்துக் கமாலுத்தீன் அல்பாரிஸியும், ஜெர்மானியத் துறவியான தியோடோரிக்கும், ஒருவர் இருப்பதை மற்றவர் அறியாமலேயே, நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைப் பெரியதொரு மழைத்துளியாகப் பாவித்து, வானவில் உண்டாகும் விதத்தை ஆராய்ந்தனர். 1637-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஞானி டேகார்ட், வானவில் ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் தோன்ற வேண்டியதன் காரணத்தைக் கணக்கிட்டே காட்டினார். இத்தனையும் செய்த பிறகும், அவ்வர்ணங்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு அக்காலத்து அறிஞர் பெரும்பாலோர் கொண்டிருந்த விடை ஒன்றேதான். வெண்ணொளி கலப்பற்றது, எளிமையானது; கண்ணாடியினூடேயோ நீரினூடேயோ செல்லும்போது இருளோடு கலந்தோ, வேறு ஏதேனும் விகாரம் அடைந்தோ அது நிறம் பெறுகிறது என்பதே அவ்விடை. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழிவழியாக வந்த இக்கருத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. வெள்ளையாக உட்புகும் ஒளி நிறத்தோடு வெளிவருவதைக் கண்ணால் காண்கிறோம். இடையில் இருப்பது கண்ணாடி. ஆகவே நிறத்தைத் தந்தது கண்ணாடிதான் என்று கொள்வது, கண்டதைக் கண்டபடி நம்பும் எவருக்கும் இயல்பே.

1665-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கொள்ளைநோய் பரவியதனால் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை மூடப்பட்டது. அப்போது இருபத்து மூன்று பிராயமும் நிரம்பாத ஐசக் நியூட்டன், அதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் முக்கோணக் கண்ணாடி ஒன்றை வாங்கிப் பரீட்சை செய்யத் தொடங்கியதாக, 1672-ஆம் ஆண்டில் ராயல் சொஸைட்டிக்கு எழுதிய கடிதத்தில் கூறுகிறார். அறையை இருளாக்கி, ஜன்னற் கதவில் கால் அங்குல அகலமுள்ள வட்டத் துளை ஒன்று இட்டு, அதன் வழியே வந்த சூரிய கிரணத்தை முப்பட்டகத்தின் மீது விழச் செய்து, 22 அடி தொலைவிலிருந்த சுவரில் வர்ணங்கள் படிவதைக் கண்டார். அவ்வளவில் அவர் கண்டதும் பிறர் கண்டதும் ஒன்றே. பிறர் அந்த வர்ணங்களின் அழகில் லயித்து நின்றுவிட, இவரோ அளவுகோலை எடுத்து அந்த ஒளிப்பட்டையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். அகலம் 2⅝ அங்குலம். நீளம் 13¼ அங்குலம்.

இவ்விரு எண்களின் முன் சற்று நின்று செல்ல உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். சூரிய பிம்பம் நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரைப் பாகை அகலமாகத் தோன்றுகிறது. ஆகவே, துளையின் வழியே வரும் கிரணங்கள் 22 அடி சென்றபின் எவ்வளவு அகலத்துக்கு விரிந்திருக்கும் என்பதை மாணவர் எவரும் கணக்கிடலாம். அவ்விரிவோடு துளையின் கால் அங்குலத்தையும் கூட்டினால் வருவது மிகச் சரியாக 2⅝ அங்குலம். அகலத்தைப் பொறுத்தவரை, கண்ணாடி தன் வழியே சென்ற ஒளிக்கு யாதொரு மாறுதலும் செய்யவில்லை. ஒளிக்கதிர் கண்ணாடியினுள் புகும்போதும் வெளியேறும்போதும் சமமாக வளையும் நிலையில் நியூட்டன் தம் முப்பட்டகத்தை நிறுத்தியிருந்தார். அந்நிலையில், அக்காலத்தார் அறிந்திருந்த ஒளிவிலகல் விதிப்படி, நீளமும் அகலத்துக்குச் சமமாகி, சுவரில் ஒரு வட்டமே விழுந்திருக்க வேண்டும். விழுந்ததோ அகலத்தைப் போல் ஐந்து மடங்கு நீண்ட பட்டை. வர்ணத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பர். நீளத்தைக் கண்டு திகைத்தவர் இவர் ஒருவரே. ஒளியியல் என்னும் சாஸ்திரம் புதுப்பிறவி எடுத்தது அந்தத் திகைப்பில்தான் என்று நான் கருதுகிறேன்.

திகைத்தவர் உடனே ஒரு சித்தாந்தத்தைக் கூறிவிடவில்லை. கண்ணாடியின் தடிப்பு காரணமாகுமோ என்று ஐயுற்று, தடித்த பகுதியிலும் மெல்லிய பகுதியிலும் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். துளையைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தார். முப்பட்டகத்தைத் துளைக்கு வெளியே வைத்தும் பார்த்தார். கண்ணாடியில் குறையிருந்து அதனால் ஒளி சிதறியிருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தபோது, முதல் முப்பட்டகத்தை அடுத்து இன்னொன்றைத் தலைகீழாக வைத்தார். குறையே காரணமாயின் இரண்டு கண்ணாடிகளின் குறைகளும் சேர்ந்து பட்டையை இன்னும் அலங்கோலமாக்கியிருக்கும். ஆனால், பட்டை மறைந்து, கண்ணாடியே இல்லாததுபோல் வெள்ளை வட்டம் சுவரில் விழுந்தது.

இறுதியாக அவர் செய்த பரீட்சைதான் இச்சொற்பொழிவுக்குத் தலைப்பாக அமைந்தது. முதல் முப்பட்டகத்துக்குப் பின்னால் துளையிட்ட பலகை ஒன்றையும், அதற்குப் பன்னிரண்டு அடி தள்ளி அதே போன்ற இன்னொரு பலகையையும் நிறுத்தி, அவ்விரண்டாம் பலகையின் துளைக்குப் பின்னால் இரண்டாம் முப்பட்டகத்தை வைத்தார். முதல் முப்பட்டகத்தைக் கையால் மெல்லத் திருப்பத் திருப்ப, பட்டையின் சிவப்பும், பின்னர் மஞ்சளும், பச்சையும், நீலமும் ஒவ்வொன்றாக இரண்டாம் துளையில் புகுந்தன. துளைகள் இரண்டும் அசையாமல் இருந்தமையால் அவை அனைத்தும் ஒரே கோணத்திலேயே இரண்டாம் கண்ணாடியை அடைந்தன. அவ்வாறு அடைந்தும், முதற்கண்ணாடியில் மிகுதியாக விலகிய நீலம் இரண்டாவதிலும் மிகுதியாக விலகியது. குறைவாக விலகிய சிவப்பு இங்கும் குறைவாகவே விலகியது. ஒளியை இன்னும் தூய்மையாகப் பிரித்துச் செய்த பரீட்சைகளில், தனித்தெடுத்த நிறம் எத்தனை கண்ணாடிகளினூடே சென்றாலும் வேறு நிறமாகாது என்பதையும் அவர் நிறுவினார். நிறத்தைத் தருவது கண்ணாடியே ஆயின், இரண்டாம் கண்ணாடி ஏன் புதிய நிறம் எதையும் தரவில்லை? இக்கேள்விக்குப் பழைய சித்தாந்தத்தில் விடை இல்லை. பின்பு, பிரிந்த நிறங்கள் அனைத்தையும் ஒரு குவி வில்லையால் ஒன்றுசேர்த்தபோது வெள்ளை மீண்டும் பிறந்தது. வழியில் ஏதேனும் ஒரு நிறத்தை மறித்தால் அந்த வெள்ளையும் நிறச்சாயல் கொண்டது. முறத்தில் இட்டுப் புடைக்கையில் அரிசியும் நொய்யும் தவிடும் வெவ்வேறாகப் பிரிகின்றனவே, அவற்றை முறமா உண்டாக்கிற்று? வெண்ணொளிதான் கலவை, நிறங்களே எளிய பொருள்கள். இரண்டாயிரம் ஆண்டுக் கருத்து தலைகீழாயிற்று.

நம் பாடப்புத்தகங்கள் முதல் முப்பட்டகத்தின் படத்தைப் போட்டு, ஏழு நிறங்களின் பெயர்களையும் வரிசையாக எழுதி, அத்தோடு பாடத்தை முடித்துவிடுகின்றன. முதல் முப்பட்டகத்தை மட்டும் கண்ட மாணவன், கண்ணாடி நிறத்தை உண்டாக்கிற்று என்று நினைத்தால் அது அவன் குற்றமன்று. அவன் கண்டது அரிஸ்டாட்டிலின் கட்சிக்கும் பொருந்தும் சான்றே. இரண்டாவதைக் காட்டாத வரையில், வெண்ணொளி கலவை என்பதை அவன் ஆசிரியரின் வாய்ச்சொல்லாகவே ஏற்க வேண்டியிருக்கிறது. பரீட்சையை அடிப்படையாகக் கொண்ட ஒரு சாஸ்திரத்தை வெறும் நம்பிக்கையாக மாற்றிக் கையளிப்பதை நினைக்கும்போது எனக்கு மனவருத்தம் உண்டாகிறது. ஏழு என்ற எண்ணும் அத்தகையதே. நியூட்டன் முதலில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஐந்தையே பெயரிட்டார். இசையின் ஏழு சுரங்களோடு ஒப்புமை காணும் விருப்பத்தினால் பின்னர் இரண்டைச் சேர்த்தார். அந்த ஒளிப்பட்டையாகிய நிறமாலையிலோ ஒரு நிறம் முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லைக்கோடு எங்குமே கிடையாது. சிவப்பின் ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளத்திலிருந்து ஊதாவின் 400 வரை ஒளி இடையறாமல் மாறிக்கொண்டே செல்கிறது. அதற்கு அப்பாலும் இரு புறத்திலும் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் உண்டு என்பதைச் சிவப்புப் பக்கத்தில் வில்லியம் ஹெர்ஷல் 1800-லும், ஊதாப் பக்கத்தில் ரிட்டர் 1801-லும் கண்டறிந்தனர்.

ஊதா ஏன் மிகுதியாக விலகுகிறது என்பதை இனிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வெற்றிடத்தில் எல்லா நிறங்களும் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் சமமாகவே செல்கின்றன. கண்ணாடியினுள் புகுந்ததும் அந்தச் சமத்துவம் நீங்கிவிடுகிறது. சாதாரணக் கிரவுன் கண்ணாடியில் சிவப்பின் வேகம் சுமார் 1,98,000 கிலோமீட்டர், ஊதாவினது சுமார் 1,96,000. மிகுதியாக வேகம் குன்றிய ஒளி மிகுதியாக வளைகிறது. ஒளி என்பது மின்காந்த அலை ஆதலின், அது கண்ணாடியின் அணுக்களில் உள்ள எலக்ட்ரான்களை அதிரச் செய்கிறது. அந்த எலக்ட்ரான்கள் இயல்பாக அதிரும் வேகம் புற ஊதாப் பகுதியைச் சேர்ந்தது. ஊதா அதற்கு அண்மையிலும் சிவப்பு சேய்மையிலும் இருப்பதனால், ஊதாவுக்கே அவை மிகுதியாக இணங்கி அதிர்கின்றன. அவ்வாறு அதிரும் எலக்ட்ரான்கள் தாமும் அலைகளை எழுப்ப, வந்த அலையும் எழுந்த அலையும் கூடிய மொத்த அலை பின்தங்கிச் செல்கிறது. ஜன்னற் கண்ணாடியிலும் இதே பிரிவு நிகழ்கிறது. ஆனால் அதன் இரு முகங்களும் இணையாக இருப்பதனால், முதல் முகம் விலக்கிய திசையை இரண்டாம் முகம் நேராக்கிவிட, எல்லா நிறங்களும் ஒரே திசையில் வெளிவந்து கலந்துவிடுகின்றன.

நியூட்டனின் 1672-ஆம் ஆண்டுக் கடிதம் எளிதில் ஏற்கப்படவில்லை. அக்காலத்து அறிஞர்களுள் ராபர்ட் ஹூக் மறுத்தார், ஹைகன்ஸ் தயங்கினார். லீயேஜ் நகரிலிருந்த ஜெஸூயிட் பாதிரிமாருடன் ஆண்டுக்கணக்கில் கடிதப் போர் நடந்தது. அவர்களில் லூகாஸ் என்பவர் ஏறத்தாழ அதே கோணமுடைய முப்பட்டகத்தைக் கொண்டு அளந்தபோது, பட்டையின் நீளம் அகலத்தைப் போல் மூன்று அல்லது மூன்றரை மடங்கே இருந்தது. நியூட்டன் தம் ஐந்து மடங்கை விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் சரியாகவே அளந்திருக்கக் கூடும்; ஏனெனில், கண்ணாடியின் வகை மாறினால் நிறங்களைப் பிரிக்கும் ஆற்றலும் மாறுகிறது. பிறருடைய அளவையில் பொதிந்திருந்த இவ்வுண்மையைப் பாராமுகமாக விட்டமையால், வில்லைகளால் ஆன தொலைநோக்கியில் நிறக்கறையை நீக்கவே இயலாது என்று தாம் முன்னரே கட்டியிருந்த முடிவை நியூட்டன் திருத்திக்கொள்ளவில்லை. அம்முடிவே அவரை 1668-இல் குழியாடித் தொலைநோக்கியைச் செய்யத் தூண்டியது என்பது உண்மையே. எனினும், அவர் வாக்கின் பெருமையாலேயே அந்தப் பிழை பல்லாண்டுக்காலம் நிலைத்துவிட்டது. இருவகைக் கண்ணாடிகளை இணைத்து நிறக்கறையற்ற வில்லை செய்யலாம் என்பதை ஜான் டாலண்ட் 1758-இல் உலகறிய நிறுவினார்.

அத்தகைய வில்லைகளைச் செம்மையாகச் செய்யும் முயற்சியில்தான், நிறமாலையின் இரண்டாவது இரகசியம் வெளிப்பட்டது. பவேரியா தேசத்து ஜோசப் பிரான்ஹோபர் இளமையிலேயே தாய்தந்தையரை இழந்து, மியூனிக் நகரில் கண்ணாடி தேய்ப்பவர் ஒருவரிடம் வேலை பழகிவந்த சிறுவர். 1801-ஆம் ஆண்டில் அவர் இருந்த வீடு இடிந்து விழ, இடிபாடுகளுக்கிடையிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டு, அதனைப் பார்க்க வந்த அந்நாட்டு அரசரின் உதவியைப் பெற்றுக் கல்வி கற்றார். ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு விலக்குகிறது என்பதைத் துல்லியமாக அளப்பது அவருடைய தேவை. எல்லைக்கோடு இல்லாத நிறமாலையில் எந்த இடத்தைக் குறியாகக் கொண்டு அளப்பது? 1814-ஆம் ஆண்டில் அவர் துளைக்குப் பதிலாக ஒடுங்கிய பிளவு ஒன்றை ஜன்னலில் அமைத்து, 24 அடி தள்ளி முப்பட்டகத்தை நிறுத்தி, சுவரில் விழும் பட்டையை அல்லாமல், முப்பட்டகத்திலிருந்து வரும் ஒளியைத் தொலைநோக்கி வழியாகவே பார்த்தார். வர்ணங்களுக்கு இடையே கரிய கோடுகள் நூற்றுக்கணக்கில் நின்றன. அவர் எண்ணியவை 574.

நியூட்டன் ஏன் இவற்றைக் காணவில்லை? வட்டத் துளையின் வழியே வரும் ஒவ்வொரு நிறமும் ஒரு வட்டமாகவே சுவரில் விழுகிறது. எண்ணற்ற வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடைவெளிகளை மூடிவிடுகின்றன. பிளவின் ஒடுக்கம் அந்த மேலேற்றத்தை நீக்கியது. வோலஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1802-லேயே பிளவு கொண்டு சில கோடுகளைக் கண்டும், அவற்றை நிறங்களின் இயற்கை எல்லைகள் என்று எண்ணி விட்டுவிட்டார். பிரான்ஹோபர் விடவில்லை. சந்திரனிலும் சுக்கிரனிலும் அதே கோடுகள் இருப்பதையும், சில நட்சத்திரங்களில் வேறு கோடுகள் இருப்பதையும் கண்டு, அவை நம் ஆகாயத்தில் உண்டானவை அல்ல, ஒளியின் பிறப்பிடத்தைச் சார்ந்தவை என்று உணர்ந்தார். அவர் முப்பத்தொன்பதாவது வயதில் மறைந்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால் என்னவெல்லாம் கண்டிருப்பார் என்று ஏங்காமல் அவ்வரலாற்றை என்னால் படிக்க முடிவதில்லை.

1859-இல் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காபும் புன்ஸனும் அக்கோடுகளின் பொருளைக் கண்டனர். ஒவ்வொரு மூலகமும், சூடேறி ஒளிரும்போது எந்தெந்த நிறங்களை வெளியிடுகிறதோ, அந்நிறங்களையே தன் வழியே செல்லும் வெண்ணொளியிலிருந்து கவர்ந்துகொள்கிறது. ஆகவே கரிய கோடுகளில் பெரும்பாலானவை, சூரியனின் புறப்பகுதியில் இன்ன மூலகம் உண்டு என்பதற்குச் சாட்சி. நட்சத்திரங்கள் எப்பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருகாலும் அறிய இயலாது என்று பிரெஞ்சுத் தத்துவாசிரியர் கோம்த் எழுதி, அப்போது கால் நூற்றாண்டுதான் கழிந்திருந்தது.

அதன்பின் 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதி, பூரண சூரியகிரகணத்தின் நிழல் அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியைக் கடந்து சென்றது. பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்ஸன் குண்டூரிலும், சென்னை வானாய்வுக்கூடத் தலைவர் பாக்ஸன் மசூலிப்பட்டணத்திலும் நிறமாலைகாட்டிகளோடு காத்திருந்தனர். சூரிய விளிம்பில் எழும் தழல்களின் ஒளி தனித்தனி ஒளிக்கோடுகளாகப் பிரிந்தது. அவற்றில் ஒன்று மஞ்சள். சோடியத்தின் கோடு அங்கேதான் இருக்கும் ஆதலின், அதுவே இது என்று கொள்ளுதல் எளிது. அக்கோடுகளின் பிரகாசத்தைக் கண்ட ஜான்ஸன், கிரகணம் இல்லாமலேயே இவற்றைக் காணலாம் என்று உணர்ந்து, மறுநாளே கண்டும் விட்டார். இங்கிலாந்தில் லாக்யர் அதே முறையைத் தாமாகவே கண்டு, அக்டோபரில் அம்மஞ்சள் கோட்டை அளந்தபோது, அது சோடியத்தின் கோடுகளோடு பொருந்தாமல் சற்று விலகி நின்றது. சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் உள்ளன, இதுவோ 587.6. இந்தச் சிறு வேறுபாட்டை ஆதாரமாகக் கொண்டு, பூமியில் எவரும் காணாத மூலகம் ஒன்று சூரியனில் உண்டு என்று கூறி, அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். பூமியில் அதனை ராம்ஸே கண்டெடுத்தது 1895-இல், யுரேனியம் கலந்த கனிமம் ஒன்றிலிருந்து.

இதுவரை சொன்னவற்றால், ஒளியைக் கடத்தும் பொருள் அதனைப் பிரிக்குமே ஒழிய மாற்றாது என்று நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள். கண்ணாடி முப்பட்டகத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால், அதனை எல்லையற்ற விதியாகக் கொள்ளலாகாது என்பதைக் காட்டியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன். சில பொருள்கள் ஊதா ஒளியை ஏற்று வேறு நிறத்தில் ஒளிர்வதை ஸ்டோக்ஸ் 1852-லேயே விளக்கியிருந்தார். அத்தகைய ஒளிர்வு எதுவும் இல்லாத தூய திரவங்களிலும், ஒளியின் மிகச்சிறு பகுதி நிறம் மாறியே சிதறுகிறது என்பது ராமனின் கண்டுபிடிப்பு. கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கையாண்ட முதற்கருவிகள் மிக எளியவை. ஒரு நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று. அந்நிறத்தை அறவே மறிக்கும் வடிகட்டி மற்றொன்று. முதலாவதைச் சூரிய ஒளியின் பாதையில் வைத்து, திரவத்தில் சிதறிய ஒளியை இரண்டாவதன் வழியே நோக்கினால், நிறம் மாறாது எனில் இருளே தெரிய வேண்டும். மங்கிய ஒளி தெரிந்தது. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி, பாதரச விளக்கின் ஒளியைக் கொண்டு நிறமாலைகாட்டியில் பார்த்தபோது, விளக்கின் கோடுகளுக்கு அருகே, விளக்கில் இல்லாத புதிய கோடுகள் நின்றன. பிரிக்கும் கண்ணாடி உண்மையாகவே எதையும் சேர்ப்பதில்லை என்று நியூட்டன் நிறுவிவைத்திருந்ததனால்தான், அப்புதிய கோடுகள் கருவியின் மாயம் அல்ல, திரவத்தின் செயலே என்று ராமனால் துணிந்து கூற முடிந்தது.

நாளைக் காலை ஒன்பது மணி முதல் இக்கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில், ஜன்னலில் துளையிட்டு, பலகைகளும் முப்பட்டகங்கள் இரண்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். மாணவர்கள் நால்வர் நால்வராக வந்து, முதல் முப்பட்டகத்தைத் தாமே திருப்பி, இரண்டாவதிலிருந்து வரும் நிறத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளலாம். அதன்பின் துளையை மூடிப் பிளவைத் திறந்து, சிறு தொலைநோக்கி வழியே மஞ்சள் பகுதியை நோக்கினால், பிரான்ஹோபர் கண்ட சோடியக் கோட்டைக் காணலாம். கண்கள் இருளுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கும். வருபவர்கள் அவசரப்படாமல் வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.